அவள் தோற்றதும் வருகிறேன் என்றாய்

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
மார்கழி 4

குஞ்சு,

நீ சுகமாய் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், ஐப்பசியில் ரிவியில் ரெனிஸ் போட்டியில் பார்த்தேன், அந்த ரஷ்யாக்காரியின் ஆட்கள் இருக்கும் வரிசையில் மூன்றாவது கதிரையில் வெள்ளைத் தொப்பியோடு இருந்தாய், கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது, மற்றப்படி குறை ஒன்றும் தெரியவில்லை. நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. காலையில் எழும்புகிறேன், இரவில் படுக்கிறேன், இடையில் சமைக்கிறேன், இதற்குப் பெயர் சுகம் என்றால் சுகம்தான். ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அம்மா ஒரு நிமிசம் என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அந்த ஒரு நிமிசம் பிறகு மூன்று நாளாகிறது. கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. துபாயில் நீங்கள் நிற்கிற ஹோட்டல் விலாசத்தைத் தம்பியிடம் வாங்கினேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தாய், எழுத்துக் கூட்டி மெதுவாய் வாசி. நானும் எட்டோடு நிற்பாட்டியவள், எனக்கும் மெதுவாய்த்தான் வரும். பிழை இருந்தால் சிரி, ஆனால் இதை அவளுக்கு வாசித்துக் காட்டாதே. இல்லை, காட்டு.

தம்பி தனோஜனுக்குக் கார் து நோர் ரயில் ஸ்டேசனில் வேலை நிரந்தரமாகிவிட்டது, ஸ்டேசன் உடுப்பும் தந்திருக்கிறார்கள், வீட்டுக்கு வந்தும் அதைக் கழற்ற மனமில்லை அவனுக்கு. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில், கொஞ்சம் கூடக் கேட்டால் மே மமோன், என்னம்மா நீ, என்று கையை விரிப்பான். லிஃப்ட் மூன்று கிழமையாய் வேலை செய்யவில்லை, நான்காம் மாடிக்கு அரிசிப் பையோடு ஏறும்போது அப்பாவைத்தான் ஏசுகிறேன், தூக்கக்கூடிய ஆள் முதலில் போய்விட்டார், முழங்கால் ஏலாதவள் நிற்கிறேன். ரூ காய் தெருவில் ஞானரட்ணம் அண்ணை கடையைப் பெருப்பித்திருக்கிறார். இறாலை நிறுத்துக்கொண்டு, தங்கச்சி, உம்மடை மகளின்ரை ஆள் இப்ப இருபத்தோராம் இடமாம், தெரியுமோ என்கிறார். என்ரை மகளின்ரை ஆள் அவளில்லை அண்ணை, அவளின்ரை ஆள்தான் என்ரை மகள், நீங்கள் இறாலை நிறுங்கோ என்றேன். கடையில் நின்ற சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய பெயரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். அப்பாவுக்கு அவள் கதை முழுவதும் பாடம். உரால் மலைக்கு அங்காலை ஏதோ உருக்கு ஆலை ஊரில் பிறந்தவள், பனிக்காலத்தில் ஆலையின் சாமான் கொட்டிலுக்குள் சுவரில் பந்தடித்துப் பழகியவள், பதினாறு வயதில் பெட்டியோடு வெளிக்கிட்டவள், இருபத்திரண்டில் உலகத்தில் ஒன்பதாம் ஆள், பிறகு தோள்மூட்டு கிழிந்து இரண்டு ஒப்பரேசன், நூற்று எண்பதாம் இடத்துக்கு விழுந்து எல்லாரும் கைவிட்ட பிறகு நீ கினே வேலைக்கு, தசையும் மூட்டும் பிடித்துவிடுகிற வேலைக்கு, அவளிடம் போனாய். உன் கை பட்டுத்தான் அந்தத் தோள் திரும்ப எழும்பியது என்று அப்பா லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுகிற மனுசன், லீவு நாளில் உன்னைச் சைக்கிளில் வைத்து இலவச மைதானம் மைதானமாய்க் கொண்டு திரிந்தவர், உன் முழங்கால் மடங்கி நீ விளையாட்டை விட்ட நாளில் குசினிக்குள் நின்று அழுதவர், அவருக்கு அவள் வென்றால் நீ வென்ற மாதிரி. ரிவியில் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் கொடி போடுவதில்லை. ரஷ்யாக்காரருக்குக் கொடி இல்லாமல்தான் இப்ப விளையாட விடுகிறார்களாம். அப்பா அதைப் பார்த்துவிட்டு, பாவம், எங்களைப் போலை என்றார். எனக்குக் கோபம் வந்தது. எந்தப் பிரிபெக்ச்சர் வாசலிலை விசாவுக்கு விடிய நாலு மணிக்கு வரிசையிலை நிண்டவள் அவள், நாங்கள் ஓடி வந்தனாங்கள், அவள் விளையாட வந்தவள், ஒண்டாக்காதையுங்கோ என்றேன். அவர் ரிவிச் சத்தத்தைக் கூட்டினார்.

எனக்கு அந்த விளையாட்டே பிடிக்காது. பதினைந்து, முப்பது, பிறகு நாற்பது, நாற்பத்தைந்து எங்கே போனது என்று ஒருநாள் கேட்டேன், அப்பாவுக்கும் தெரியவில்லை. எண்ணத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு. அதைவிட அவள் ஒரு பந்தை வெளியில் அடித்தால் திரும்பி உங்களைப் பார்த்துக் கத்துகிறாள், மட்டையை உங்கள் பக்கம் நீட்டுகிறாள். நீ கேட்டுக்கொண்டு இருக்கிறாய். இருபத்தொன்பது வயதுப் பிள்ளை, நான் ஒருநாள் உன்னைப் பார்த்து அப்படிக் கத்தியிருப்பேனா. ஆனால் அவள் கத்தினால்தான் கமராக்காரன் உங்களைக் காட்டுகிறான். அவள் நன்றாய் விளையாடுகிற நாளில் உன்னைக் காண முடியாது. அதனால் நான் ரிவிக்கு முன்னால் இருந்து அவள் பந்து வெளியில் போக வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன், போனால் இரண்டு செக்கன் உன்னுடைய தொப்பி தெரியும். இப்படித்தான் நான் பெற்ற பிள்ளையைப் பார்க்கிறேன்.

இப்போது தை மாதத்துக் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ இருந்த பக்கத்தில் இருந்து உனக்குத் தெரியும், நான் இருந்த பக்கத்தில் இருந்து தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை அப்பா போனார். தம்பி அவுஸ்திரேலியாவுக்கு உனக்குப் போன் எடுத்தான், நீ அழுதாய், பிறகு என்னோடு கதைத்தாய். அம்மா, வியாழக்கிழமை அவளுக்கு விளையாட்டு, எதிராளி மூண்டாம் நம்பர், கட்டாயம் தோப்பா, தோத்த உடனை ஏர்போட்டுக்கு வெளிக்கிடுறன், அப்பாவை வைச்சிருங்கோ என்றாய். இப்பவே வெளிக்கிடு என்றேன். கொன்த்ரா இருக்கம்மா, நடுவிலை விட்டிட்டு வர விடமாட்டாள் என்றாய். எனக்குக் கொன்த்ரா, ஒப்பந்தம் பற்றி என்ன தெரியும், நம்பினேன். செத்தவீட்டு அலுவல் பார்க்கிற கொம்பனியில் ஆலீஸ் என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, தன்மையானவள், எரிக்கிறதுக்கு அடுத்த திங்கட்கிழமை நேரம் எடுத்துத் தந்தாள். வியாழன் அவள் தோற்றால் சனி நீ வந்துவிடுவாய், திங்கள் எரிக்கலாம். ஒரு ரெனிஸ்காரி தோற்கிற நாளைப் பார்த்துச் சாவுக்கு நாள் குறித்த குடும்பம் இந்தப் பாரிஸில் எங்களைத் தவிர இருக்காது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு விளையாட்டு. சாவுத் துடக்கு வீட்டில் ரிவி போடக் கூடாது என்று அதன்மேல் வெள்ளைத் துணி போட்டிருந்தோம், அதனால் ஞானரட்ணம் அண்ணை குசினிக்குள் தன்ரை போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்தார். வந்த சனம் எல்லாம் குசினிக்குள். அண்ணை சொல்கிறார், யோசியாதையும் தங்கச்சி, ஒரு மணித்தியாலத்திலை மூட்டை கட்டுவாள். முதல் செற்றில் அவள் தோற்றாள், அந்த வீட்டில் இரண்டு நாளைக்குப் பிறகு எனக்கு ஒரு வாய் தேத்தண்ணி இறங்கியது. பிறகு இரண்டாவதில் வென்றாள். மூன்றாவதில் ஒரு கட்டத்தில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், நீ எழும்பி நின்றாய், கமராக்காரன் உன்னைக் காட்டினான், என்ரை பிள்ளை பார் என்று நான் கத்திவிட்டேன், செத்தவீடு என்பதையே மறந்துபோனேன். நீ கையால் ஏதோ காட்டினாய், இப்படிச் சுழற்று என்கிற மாதிரி. அவள் சுழற்றினாள். அதற்குப் பிறகு அவள் ஒரு பந்தும் விடவில்லை. வென்றதும் பின்னால் நின்று ஒருத்தன் கை தட்டினான். திரும்பிப் பார்த்தால் லண்டனில் இருந்து வந்த அப்பாவின் பெறாமகன் மிதுசன், உனக்குச் சகோதர முறை. எல்லாரும் பார்த்த பார்வையில் கையை மெல்லக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். எங்கள் குடும்பத்தில் அவள் வென்றதுக்கு அழுதவள் நான் ஒருத்திதான்.

நீ போன் எடுத்தாய், சனிக்கிழமை கட்டாயம் தோப்பா என்றாய். வெள்ளி காலை தம்பி போய்த் திங்களை வியாழனாய் மாற்றினான். ஆலீஸ் கேட்டாளாம், விமானம் பிந்துகிறதா என்று. ஓம் என்று சொல்லிவிட்டு வந்தான், வேறு என்ன சொல்ல, ஒருத்தி விளையாட்டில் தோற்கிற வரைக்கும் எங்கள் அப்பா பொறுத்திருக்கிறார் என்றா. எனக்கு அந்தரம் தாங்கவில்லை. துடக்கோடு பிள்ளையார் கோயில் வாசலை மிதிக்க முடியாது, முப்பத்தோராம் நாள் கழிய வேண்டும். அதனால் மூன்றாம் மாடி ஜெர்மேன் அக்காவிடம் இறங்கிப் போனேன், தெரியும்தானே உனக்கு, மேரியில், நகரசபையில், வேலை செய்து பென்சன் எடுக்கிற புதுச்சேரி மனுசி, சின்னதில் உனக்கு மாபிள் கேக் தருவா. அக்கா, உங்கடை சேர்ச்சிலை ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ, அவள் தோக்கவேணும் எண்டு சொல்லிக் கொளுத்துங்கோ என்றேன். அவ கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தா. ஐயையோ, ஒருத்தி தோக்கணும்னு மாதாகிட்ட எப்படிம்மா கேக்கறது, கோவிச்சுக்குவாங்கல்ல என்றா. நான் அங்கேயே இருந்து அழுதேன். சரி சரி, ஏத்தறேன் போ என்றா. சனிக்கிழமை அவள் வென்றாள். திங்கள் வென்றாள். புதன் வென்றாள். ஒன்பது வருசத்துக்குப் பிறகு அவளுக்கு அரையிறுதியாம், ரிவியில் அவள் நிலத்தில் விழுந்து அழுததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்களாம். வியாழனை இனி மாற்ற முடியாது, இரண்டு கிழமைக்குள் முடிக்க வேண்டும், வேறு நேரம் இல்லை என்று ஆலீஸ் சொல்லிவிட்டாள். இதெல்லாம் நடக்கும்போது அப்பா ஒரு குளிர் அறையில் இருந்தார். பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் அவருக்குச் சொன்னேன், பிள்ளை வருகிறாள், இன்னும் ஒரு விளையாட்டுத்தான் என்று. கேட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வியாழக்கிழமை பத்தரைக்கு எரித்தோம். நாலு வெள்ளைக்காரர் கறுப்புக் கோட்டோடு பெட்டியைத் தோளில் வைத்து வந்தார்கள், ஒருத்தருக்கும் அப்பாவின் பெயர் சொல்லத் தெரியாது. வாசலில் எல்லா மாலையையும் விடப் பெரிதாய் ஒரு மலர் வளையம், வெள்ளை லில்லி, ரிப்பனில் அவளுடைய பெயர். மிதுசன் அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தான். உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சொல்லி அதை வாசலிலேயே விட வைத்தேன், அதில் குத்தியிருந்த சின்ன உறையை மட்டும் பிடுங்கி என் கறுப்புக் கோட்டுப் பையில் அடைத்தேன், வேறு ஆரும் வாசித்துப் பெருமைப்படக் கூடாது என்றுதான். பெட்டி அடுப்புக்குள் போவதைப் பக்கத்து அறையில் ஒரு சின்ன ரிவியில் காட்டினார்கள். நாலு வருசமாய் அப்பா உன்னை ரிவியில் பார்த்தார், நாங்கள் அப்பாவை ரிவியில் பார்த்து அனுப்பினோம். அந்த நேரம் பின்னால் மிதுசன் தம்பியின் காதுக்குள் சொல்கிறான், தோத்திட்டா. கேட்டது எனக்கு. ஒன்பது நாள் தோற்காதவள், அவர் எரிகிற நேரம் பார்த்துத் தோற்றாள். அன்று மனம் விட்டுச் சாபம் போட்டேன், அந்தத் தோள் திரும்பவும் கிழியட்டும் என்று. சொன்னதை மறைக்க மாட்டேன்.

சனிக்கிழமை நீ வந்தாய். சாம்பல் இருந்த பானைக்கு முன்னால் நின்றாய், வீட்டில் நாலு நாள் தங்கினாய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் நிற்காமல் அடுத்த போட்டிக்குப் போய்விட்டாய். போகும்போது வாசலில் என் கண்ணைப் பார்த்து ஒருக்கால் திரும்பவும் சொன்னாய், அம்மா, அவள் விட்டிருந்தால் நான் அண்டைக்கே வந்திருப்பன் என்று.

போன கிழமை குளிர் கூடிவிட்டது. அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டேன். மெற்றோவில் ரிக்கற்றைத் தேடிப் பைக்குள் கை விட்டால் அந்த உறை. பத்து மாதம் அது அலுமாரிக்குள் தொங்கியிருக்கிறது. தம்பியிடம் காட்ட மனம் வரவில்லை, நேரே ஜெர்மேன் அக்காவிடம் போனேன். ஏம்மா கோசலை, இதைப் பிரிக்கவே இல்லியா நீ, கடுதாசின்னா படிக்கத்தானே அனுப்பறாங்க என்று சொல்லிக்கொண்டு பிரித்தா. பிரெஞ்சில் ஐந்து வரிதான். அவ முதலில் தனக்குள் வாசித்தா, பிறகு கண்ணாடியைத் துடைத்தா, பிறகு எனக்குச் சொன்னா. அப்படியே எழுதுகிறேன். அம்மா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். முதல் நாளே போ என்று உங்கள் மகளிடம் சொன்னேன். டிக்கட்டும் எடுத்துக் கொடுத்தேன். அவள் போகவில்லை. நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றியிருக்க வேண்டும். அவ்வளவுதான், கீழே பெயர், நீனா.

மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன். மூன்று தரமும் ஒரு சொல்லும் மாறவில்லை. அக்கா எனக்கு ஒரு கோப்பி போட்டுத் தந்தா, பிறகு தன் பங்குக்கு ஒன்று சொன்னா, நான் அன்னைக்கு மெழுகுவத்தி ஏத்தினது ஒன் வீட்டுக்காரருக்குத்தான், அந்தப் பொண்ணு தோக்கணும்னு இல்ல, ஒன்கிட்ட பொய் சொல்லிட்டேன் என்று. அன்றைக்கு எனக்குப் பொய் சொன்ன ஆட்களின் தொகை கூடிக்கொண்டே போனது.

இதை வைத்து எனக்கு அவளைப் பிடித்துவிட்டது என்று நினையாதே. பிடிக்காது. உன்னைப் பார்த்துக் கத்துகிறவள் கத்துகிறவள்தான். பிடித்து ஏற்றியிருக்கலாம், ஏற்றவில்லை, அதை அவளே எழுதியிருக்கிறாள். ஆனால் பத்து மாதமாய் நான் ஏசின ஏச்சில் பாதி பிழையான விலாசத்துக்குப் போயிருக்கிறது. அந்தப் பாதியை இப்போது சரியான விலாசத்துக்கு அனுப்புகிறேன், துபாய்க்கு. உன்னிடம் டிக்கட் இருந்தது. செவ்வாய்க்கிழமையே இருந்தது. நான் சீனிப் போத்தலுக்கு முன்னால் இருந்து நேரில் கண்டே இராத ஒருத்தி தோற்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட நேரம் அந்த டிக்கட் உன் பையில் இருந்தது. ஆலீஸிடம் தம்பி பொய் சொன்ன நேரமும் இருந்தது.

நான் யோசித்துப் பார்த்தேன். ஐந்து வருசத்துக்கு முன்னால் அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்ரென்ற் வைத்தபோது நீ ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு நாளும் வந்தாய், ஆனால் கோப்பி மெசினுக்கு இங்காலை வரவில்லை. கோப்பியை என்னிடம் தந்து, கொண்டுபோய்க் குடுங்கோ என்றாய். அப்பா கேட்டார், பிள்ளை எங்கை. மெசினில் சில்லறை மாட்டிவிட்டதாம் என்று ஐந்து நாளும் சொன்னேன். ஊரார் நாட்டார் தோளை எல்லாம் பிடித்து இழுத்து நேராக்குகிற கை, பெற்ற தகப்பன் படுத்திருந்தால் கதவுக்குள் வராது. பயம் என்று சொல்லியிருந்தால் நான் ஏசியிருப்பேன், பிறகு விளங்கிக்கொண்டிருப்பேன். நீ பயத்துக்கு ரஷ்யாக்காரியின் பெயரைப் போட்டாய். இல்லாவிட்டால் பயமும் இல்லையோ, அந்தத் தோள் எங்கள் எல்லாரையும் விட உனக்குப் பெரிதோ, அதுவும் எனக்குத் தெரியாது. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவன் உன்னோடு கதைக்க மாட்டான், அதனால் வைத்திருக்கிறேன், ஆனால் எவ்வளவு நாளைக்கு என்று கேளாதே.

ஐயர் அப்பாவின் முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு நாள் பார்த்துத் தந்துவிட்டார். தை மாதம், அந்தப் போட்டியின் இரண்டாம் கிழமை, புதன்கிழமை காலை பதினொரு மணி, வீட்டில். அவுஸ்திரேலியாதான் இந்த முறையும், எனக்குத் தெரியும். இந்த முறை நான் நாள் மாற்ற மாட்டேன். அவள் வென்றாலும் பதினொரு மணி, தோற்றாலும் பதினொரு மணி. ரிவியில் துணி போட மாட்டேன், பிளக்கையே கழற்றி வைப்பேன். நீ வந்தால் வா, வராவிட்டால் அவள் விடவில்லை என்று மட்டும் சொல்லாதே. அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது, அப்பாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். அவளுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டுமென்றால், அந்த லில்லிப் பூவை வாசலில் விட்டது நான்தான் என்று சொல், பூவில் பிழை இல்லை என்றும் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, பாலைவனம் என்று பகலில் ஏசியைக் கூட்டிவிட்டுப் படுக்காதே, உனக்குச் சளி பிடிக்கும். அவளுடைய தோளை உருட்டி உருட்டி உன் மணிக்கட்டு வீங்கியிருக்கும், இரவில் நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசு. பிள்ளையார் உன்னைக் காப்பாற்றட்டும், கோபம் எனக்குத்தான், அவருக்கு இல்லை. புதன்கிழமை, பதினொரு மணி, மறவாதே. லிஃப்ட் வேலை செய்யாது, படியால் ஏறி வர வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
ஸ்ரீஸ்கந்தராசா கோசலை

அந்த முதல் வியாழக்கிழமை நீனா தோற்றிருந்தால், குஞ்சு, நீ வந்திருப்பாயா?